வீட்டில் சிறு பந்தயத்துக்கு 13 சீட்டு ரம்மி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ரம்மியைப் பற்றிய விளக்கம் இது? எத்தனை பேர் ஆடலாம்?

தமிழ்நாட்டில் கல்யாண மண்டபத்தில் முதல் நாள் இரவும், பொங்கல் விடுமுறையில் உறவினர் கூடும்போதும், மனமகிழ் மன்றங்களிலும் ஆடப்படும் 13 சீட்டு ரம்மியைப் பற்றியது இது. இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை ஆடலாம். இரண்டு சீட்டுக்கட்டுகளை ஒன்றாகக் கலந்து, கட்டுக்கு ஒரு அச்சு ஜோக்கரை (ஜோக்கர் படம் அச்சிட்ட சீட்டை) மட்டும் வைத்துக்கொண்டு, மீதி ஜோக்கர்களை எடுத்துவிட வேண்டும். ஆக மொத்தம் 106 சீட்டுகள். ஆறு பேர் ஆடினால் 78 சீட்டுகள் கைகளுக்குப் போய்விடும். ஜோக்கராக உருவி வைக்கும் ஒரு சீட்டும் நடுவில் திறந்து வைக்கும் முதல் சீட்டும் போக, கட்டில் 26 சீட்டுகளே மிஞ்சும். அதனால் கட்டு சீக்கிரம் தீர்ந்து மறுபடி கலைக்க வேண்டி வரும். நான்கு அல்லது ஐந்து பேர் ஆடுவதே சுகம்.

ஆட்டம் எப்படித் தொடங்கி, எப்படி நகர்கிறது?

ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, யாருக்குக் குறைந்த சீட்டு வருகிறதோ அவர் முதலில் கலைத்துப் போடுவது வழக்கம். அடுத்த கையிலிருந்து (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) அந்தப் பொறுப்பு வரிசையாகச் சுற்றி வரும். கலைத்த கட்டைப் பக்கத்தில் இருப்பவர் வெட்டிக் கொடுக்க, போடுபவர் ஒவ்வொரு சீட்டாகச் சுற்றிவந்து ஆளுக்கு 13 போட வேண்டும். பிறகு மீதிக் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, கட்டின் அடியில் முகம் தெரியும்படி குறுக்காக வைப்பார்கள். அதுதான் கட் ஜோக்கர். அதே எண்ணுள்ள சீட்டுகள் எல்லாமே அந்தக் கைக்கு ஜோக்கர்கள், அதாவது வேறு எந்தச் சீட்டின் இடத்தையும் நிரப்பக்கூடியவை. அடுத்த சீட்டு திறந்த சீட்டாக நடுவில் விழும்.

தன் முறை வரும்போது ஒருவர் மூடிய கட்டிலிருந்தோ, முந்தையவர் இறக்கிய திறந்த சீட்டையோ ஒன்று எடுத்து, கையிலிருந்து ஒன்றை இறக்க வேண்டும். ஒருவர் இறக்கிய ஜோக்கரை அடுத்தவர் எடுக்கக் கூடாது. ஆட்டத்தின் முதல் திறந்த சீட்டே ஜோக்கராக அமைந்தால் மட்டும் முதலில் ஆடுபவர் எடுத்துக்கொள்ளலாம். மூடிய கட்டு தீர்ந்தால், கடைசியாக இறங்கிய சீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கலைத்து மறுபடி வைக்க வேண்டும்.

டிக் அடிக்க, அதாவது வென்றதாக அறிவித்து ஆட்டத்தை முடிக்க, கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு வரிசைகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது ஜோக்கரின் துணையில்லாத ஒரிஜினலாக இருக்க வேண்டும். வரிசை என்பது ஒரே சாதியில் (ஸ்பேடு, ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் ஆகியவற்றில் ஒன்றில்) அடுத்தடுத்து வரும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டுகள். மீதிச் சீட்டுகள் வரிசைகளாகவோ செட்களாகவோ அமையலாம். செட் என்பது ஒரே எண், வெவ்வேறு சாதி. மூன்று அல்லது நான்கு சீட்டுகள். இரண்டு கட்டுகளைக் கலந்திருப்பதால் ஸ்பேடு 8 இரண்டும் டைமண்ட் 8 ஒன்றும் கையில் சேருவதுண்டு. அது செட் ஆகாது. புதிதாக ஆடுபவர்களின் தவறான டிக்குகளில் இதுவே எனக்கு அதிகம் கண்ணில் படுகிறது.

ஒரு சரியான கையைப் பாருங்கள். கட் ஜோக்கர் 2 என்று வைத்துக்கொள்வோம். ஆர்ட்டின் 4, 5, 6 ஒரிஜினல் வரிசை. கிளாவர் 9, டைமண்ட் 2, கிளாவர் ஜாக்கி, கிளாவர் ராணி என்பதில் டைமண்ட் 2 ஜோக்கராக நின்று 10-இன் இடத்தை நிரப்புகிறது. இது இரண்டாவது வரிசை. ஸ்பேடு, டைமண்ட், கிளாவர் 8 மூன்றும் ஒரு செட். ஆர்ட்டின் ராஜா, ஸ்பேடு ராஜா, அச்சு ஜோக்கர் இன்னொரு செட். மொத்தம் 13. பதினான்காவதாக எடுத்த சீட்டை மூடி வைத்து டிக் அடித்து, கையைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஆஸ் இரண்டு பக்கமும் சேரும்: ஆஸ், 2, 3 வரிசையாகும், ராணி, ராஜா, ஆஸும் வரிசையாகும். ராஜா, ஆஸ், 2 என்று வளைத்துப் போக முடியாது.

கட் ஜோக்கரே தன் சொந்த இடத்தில் நின்றால் அது ஒரிஜினலா?

ஆம். கட் ஜோக்கர் 2 ஆக இருந்தும், உங்கள் கையில் ஆர்ட்டின் ஆஸ், 2, 3 இருந்தால் அந்த 2 தன் சொந்த எண்ணாகவே நிற்கிறது, வரிசை ஒரிஜினல்தான். வெட்டில் அச்சு ஜோக்கரே விழுந்தால், அந்தக் கைக்கு எட்டு ஆஸ்களும் ஜோக்கர் என்று வைத்துக்கொள்வது பரவலான வழக்கம்.

தோற்றவர்களின் புள்ளிகளை எப்படி எண்ணுவது?

ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் 10 புள்ளி. மற்றவற்றுக்கு அவற்றின் எண்ணே புள்ளி. ஜோக்கருக்குப் புள்ளி இல்லை. ஒரிஜினல் இல்லாதவருக்குக் கை முழுவதும் எண்ணப்படும். எவ்வளவு ஏறினாலும் 80-க்கு மேல் போகாது. ஒரிஜினல் மட்டும் அமைந்து இரண்டாவது வரிசை அமையாதிருந்தால், ஒரிஜினலைத் தவிர்த்து மற்றவை எண்ணப்படும். செட் இருந்தாலும் அது கழியாது. இரண்டு வரிசைகளும் இருந்தால், சேராமல் நிற்கும் சீட்டுகள் மட்டுமே கணக்கு.

உதாரணமாக, ஒருவரிடம் ஸ்பேடு 5, 6, 7 ஒரிஜினல்; டைமண்ட் 9, 10 உடன் ஒரு ஜோக்கர்; மீதியாக இரண்டு ராஜாக்கள், இரண்டு 4-கள், ஒரு 2, ஒரு 9, ஒரு 3 நிற்கின்றன. கணக்கு 20, 8, 2, 9, 3 சேர்ந்து 42. அந்த ஜோக்கர் வராமல் போயிருந்தால் டைமண்ட் 9, 10-உம் சேர்ந்து எண்ணப்படும். சேராத ராஜாக்களை நான்கு சுற்றுகளுக்கு முன்பே இறக்கிவிட்டுச் சிறு சீட்டுகளை வாங்கியிருந்தால் 42 என்பது 30-க்கும் கீழே வந்திருக்கக்கூடும். தோற்கும் கையைச் சிறிதாகத் தோற்பது இந்த ஆட்டத்தின் பாதித் திறமை.

பந்தயம் கட்டும் முறைகள் என்னென்ன?

இரண்டு முறைகள் பெருவழக்கு. முதலாவது புள்ளிக் கணக்கு: புள்ளிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, ஒவ்வொரு கை முடிந்ததும் தோற்றவர்கள் தம் புள்ளிக்குரிய தொகையை வென்றவருக்குக் கொடுப்பது. ஐந்து பேர் ஆட்டத்தில் மற்ற நால்வரின் புள்ளிகள் 42, 20, 80, 15 என்றால் மொத்தம் 157. புள்ளிக்கு 10 பைசா என்றால் வென்றவருக்கு 15 ரூபாய் 70 பைசா.

இரண்டாவது 101 அல்லது 201 ஆட்டம். சில ஊர்களில் சிண்டிகேட் என்பார்கள். ஆளுக்கு 20 ரூபாய் போல ஒரு தொகையை நடுவில் போட்டுவிட்டு, கைக்குக் கை புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 101-ஐத் தொட்டவர் வெளியேற வேண்டும். கடைசிவரை நிற்பவருக்கு நடுத்தொகை முழுவதும். வெளியேறியவர் மறுபடி பணம் போட்டு உள்ளே வரலாமா, வந்தால் எந்தப் புள்ளியில் சேரலாம் என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். களத்தில் நிற்பவர்களில் யாருக்குமே 79-க்கு மேல் ஏறாதிருந்தால்தான் சேரலாம் என்றும், அவர்களில் அதிகப் புள்ளி உள்ளவரைவிட ஒரு புள்ளி கூட்டி வைத்துச் சேர வேண்டும் என்றும் பல இடங்களில் வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு 101 ஆட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். ஒருவர் இழக்கக்கூடிய தொகை என்னவென்று உட்காரும்போதே தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு கைக்கும் சில்லறை கைமாற வேண்டிய தொல்லையும் இல்லை.

பந்தயத் தொகையை எப்படி முடிவு செய்வது?

கூட்டத்தில் யாருக்கு வருமானம் குறைவோ அவருக்குத் துளியும் உறுத்தாத தொகையே சரியான தொகை. அதை அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. கேட்டால் கூச்சத்தில் தலையாட்டிவிடுவார். தொகையைச் சொல்லும் பொறுப்பை வீட்டுப் பெரியவரோ, ஆட்டத்துக்கு அழைத்தவரோ எடுத்துக்கொண்டு, முதலிலேயே தாழ்வாகச் சொல்லிவிடுவது நல்லது. மாமன், மச்சான், சித்தப்பா என்று உட்கார்ந்திருக்கும் இடத்தில், ‘இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே’ என்று ஒருவர் சொன்னபின் மறுத்துப் பேச அங்கே யாருக்கும் வாய் வராது.

உச்ச இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். புள்ளிக்கு 10 பைசா என்றால் ஒரு கையில் ஒருவர் இழக்கக்கூடியது அதிகபட்சம் 8 ரூபாய். 20 கைகளிலும் ஒருவர் 80 வாங்கினாலும், அப்படி நடப்பது மிக அரிது என்றாலும், 160 ரூபாயோடு முடிந்துவிடும். அதே ஆட்டத்தைப் புள்ளிக்கு 1 ரூபாய்க்கு ஆடினால் அது 1,600 ரூபாய். இந்தப் பெருக்கலை உட்காருமுன் வாய்விட்டுச் சொன்னாலே கூட்டம் தானாகத் தாழ்ந்த தொகைக்கு இறங்கி வருவதைப் பார்க்கலாம். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாதவை ஆகிவிட்டதால், 10 பைசா என்பது நோட்டுப் புத்தகக் கணக்கில்தான் இருக்கும். முடிவில் முழு ரூபாயாக்கித் தீர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பந்தயமே எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பந்தயமே இல்லாத மேசையில் யாரும் ஸ்கூட் விட (கை மோசமென்று விலக) மாட்டார்கள், உடைந்த கையையும் கடைசிவரை இழுப்பார்கள், புள்ளி எண்ணுவதிலும் கவனம் இருக்காது. ஒரு சிறு தொகை இருந்தால் 42-க்கும் 30-க்கும் வேறுபாடு வந்துவிடுகிறது. ரம்மி ரம்மியாக நடக்க அவ்வளவு போதும். ஒரே ஒரு நிபந்தனையை நான் விட்டுக்கொடுப்பதில்லை: ஆட்டம் தொடங்கிய பிறகு தொகையை ஏற்றக் கூடாது. விட்டதைப் பிடிக்க நினைப்பவர்தான் பெரும்பாலும் அதைக் கேட்பார். அவருடைய நன்மைக்காகவே மறுக்க வேண்டும்.

ஸ்கூட் எப்போது விடுவது?

கை மோசமாக விழுந்தால் ஆடாமல் விலகுவதே ஸ்கூட். முதல் சீட்டை எடுப்பதற்கு முன்பே விலகினால் 20 புள்ளி; இது முதல் ஸ்கூட். ஆடத் தொடங்கிய பிறகு நடுவில் விலகினால் 40; இது நடு ஸ்கூட். சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அதே முறையில் விலக அனுமதி இல்லை.

புள்ளிக் கணக்கு ஆட்டத்தில் இதைக் கணக்காகவே யோசிக்கலாம். ஐந்து பேர் ஆடும்போது, தோற்றால் சராசரியாக 40 புள்ளி கொடுப்போம், வென்றால் மற்ற நால்வரிடமிருந்தும் சேர்த்து 120 புள்ளி வரும் என்று வைத்துக்கொண்டால், எட்டுக்கு ஒரு முறை வெல்லக்கூடிய கையை ஆடுவதும் 20 கொடுத்து விலகுவதும் சமம். அதைவிட மோசமான கையைத்தான் ஸ்கூட் விட வேண்டும். ஜோக்கரும் இல்லை, ஒரே சாதியில் அடுத்தடுத்த இரண்டு சீட்டுகளும் ஓரிடத்துக்கு மேல் இல்லை, படச்சீட்டுகள் நான்கைந்து சிதறிக் கிடக்கின்றன என்றால் யோசிக்கத் தேவையில்லை.

101 ஆட்டத்தில் வென்றவருக்குப் பணம் உடனே வருவதில்லை, புள்ளி ஏறாமல் தப்புவது மட்டுமே லாபம் என்பதால், ஸ்கூட்டின் மதிப்பு கூடுகிறது. ஐந்து முறை விலகினாலும் 100-இல் உயிரோடு இருப்பீர்கள். ஆனால் 80 புள்ளிகளைத் தாண்டிவிட்டால் முதல் ஸ்கூட்டே 101-ஐத் தொட்டுவிடும். அதற்குப் பின் எந்தக் கை விழுந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும். எதிரில் இருப்பவர் 80-க்கு மேல் நிற்கிறார் என்பது உங்களுக்கும் உதவும் செய்தி: நல்ல கை இல்லாமலும் அவர் ஆடிக்கொண்டிருக்கிறார்.

எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது?

முதல் வேலை ஒரிஜினலை அமைப்பது. அது வரும்வரை செட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கையில் மூன்று ஜோக்கர்கள் இருந்தும் ஒரிஜினல் இல்லாமல் 80-ஐ நெருங்கி வாங்கியவர்கள் உண்டு.

அடுத்து, காத்திருக்கும் ஜோடிகளை எண்ணிப் பழகுங்கள். ஆர்ட்டின் 7, 8 கையில் இருந்தால் ஆர்ட்டின் 6 அல்லது 9 வர வேண்டும். இரண்டு கட்டுகளில் அவை நான்கு சீட்டுகள். ஆர்ட்டின் 6, 8 வைத்திருந்தால் இரண்டு 7-கள் மட்டுமே உதவும். ராஜாவும் ஆஸும் வைத்திருப்பவருக்கும் அந்தச் சாதியின் இரண்டு ராணிகள்தான் கதி. ஆர்ட்டின் 7, ஆர்ட்டின் 8, ஸ்பேடு 8 என்ற மூன்றைச் சேர்த்து வைத்திருந்தாலோ, ஆர்ட்டின் 6, 9 நான்கும், டைமண்ட் 8, கிளாவர் 8 நான்கும் ஆக எட்டுச் சீட்டுகள் உங்களுக்குப் பொருந்தும். இரண்டு கதவுகளும் திறந்திருக்கும் இந்த மூன்றை உடைத்துவிட்டு, ‘வந்தால் பெரிய வரிசை’ என்று ராஜா, ஆஸ் ஜோடியைக் காப்பது பழக்கக் கோளாறு.

இறக்கும்போது ஜோக்கரின் அண்டைச் சீட்டுகள் ஓரளவு பாதுகாப்பானவை. கட் ஜோக்கர் 7 என்றால், 7-ஐ யாரும் வரிசைக்குள் சாதாரணச் சீட்டாகச் செலவழிக்க விரும்ப மாட்டார்கள். அதனால் 6-க்கும் 8-க்கும் கேட்பாரற்றுப் போகும் வாய்ப்பு அதிகம். அடுத்தவர் திறந்த சீட்டாக எதை எடுத்தார் என்பதை மறக்கவே கூடாது. அவர் கிளாவர் 9-ஐ எடுத்தால் கிளாவர் 8, 10-ஐயும், மற்ற சாதி 9-களையும் அவர் பக்கம் சிறிது காலம் இறக்காதீர்கள்.

கணக்கை எப்படி எழுதுவது?

நோட்டுப் புத்தகத்தில் பெயருக்கு ஒரு பத்தி கிழித்து, கை முடிந்தவுடன், சீட்டுகளை மறுபடி சேர்ப்பதற்கு முன்பே புள்ளியை எழுத வேண்டும். சீட்டைக் கலைத்தபின் ‘எனக்கு 32 தானே’ என்று ஆரம்பிக்கும் வாதத்துக்கு முடிவே கிடையாது. புள்ளிக் கணக்கு ஆட்டத்தில் தோற்றவர்களுக்குக் கழித்தல் குறியோடும், வென்றவருக்கு அவற்றின் மொத்தத்தைக் கூட்டல் குறியோடும் எழுதினால், எந்த வரியைக் குறுக்காகக் கூட்டினாலும் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அந்த வரியிலேயே பிழை இருக்கிறது. இரவு முழுதும் ஆடிவிட்டு விடிகாலையில் கணக்கு இடிப்பதற்கு இது ஒன்றே மருந்து.

தவறாக டிக் அடித்தால்?

அவருக்கு 80. மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடர்வதா, அந்தக் கையை அத்தோடு முடிப்பதா என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். புதியவர் ஒருவருக்கு முதல் தவறை மன்னிப்பதானால், அதையும் தொடங்கும்போதே எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிடுங்கள். தவறு நடந்த பின் காட்டும் சலுகை அந்தக் கையில் வென்றுகொண்டிருந்தவருக்கு அநீதி. கையில் என்ன இருக்கிறது என்று பேச்சிலோ சைகையிலோ காட்டுவதும், பின்னால் நின்று பார்ப்பவர் ‘அதை ஏன் போட்டாய்’ என்று கேட்பதும் கூடாது. கணவன் மனைவியோ அண்ணன் தம்பியோ ஒரே மேசையில் ஆடினால் அடுத்தடுத்து உட்கார வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் யார்மீதும் பேச்சு வராது.

இது சட்டப்படி சூதாட்டமா?

ஆந்திரப் பிரதேச அரசு – கே. சத்தியநாராயணா வழக்கில், செகந்தராபாத் மன்றம் ஒன்றில் நடந்த ஆட்டம் குறித்து 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதை வைத்து எதை இறக்குவது என்று தீர்மானிப்பதற்கும் தேர்ச்சி வேண்டும் என்பது அதன் காரணம். மூன்று சீட்டு ஆட்டத்தை அது வாய்ப்பாட்டமாகவே தனித்து வைத்தது. அதே தீர்ப்பு, இடம் கொடுப்பவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் சுட்டிக்காட்டியது. தமிழ்நாட்டில் நடப்பிலுள்ள 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் வெறும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பந்தயம் வைத்த ரம்மி சூதாட்டமே என்று 2012-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு கூறியதும் உண்டு; மேல்முறையீட்டின்போது 2015-இல் மூல மனுவே திரும்பப் பெறப்பட்டது. ஆக, இடத்துக்குக் கட்டணமோ நடுத்தொகையில் பங்கோ யாரும் எடுக்காமல், வீட்டுக்குள், தெரிந்தவர்களுக்குள், சில ரூபாயோடு நிற்பதே விவேகம்.

அதையே செல்போனில் பணம் கட்டி ஆடலாமா?

கூடாது. திறமையா வாய்ப்பா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வீட்டு ஆட்டத்தில் கலைத்துப் போட எடுக்கும் நேரமும், காப்பிக்கு எழுவதும், எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்ப்பதும் இழப்புக்கு அணை போடுகின்றன. செல்போனில் அவற்றில் எதுவும் இல்லை.

ஒருவர் நடுவில் எழுந்துபோக நேர்ந்தால்?

புள்ளிக் கணக்கு ஆட்டத்தில் கை முடிந்ததும் கணக்கைத் தீர்த்துவிட்டு எழலாம். தோற்றவரானாலும் வென்றவரானாலும் தடுக்கக் கூடாது. கை நடக்கும்போது எழுந்தால் நடு ஸ்கூட்டுக்குரிய 40 எழுதப்படும். 101 ஆட்டத்தில் அவர் போட்ட தொகை நடுவிலேயே இருக்கும். மீதியிருப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு ஆட்டத்தை அங்கேயே நிறுத்துவதானால், அதுவரை வெளியேறாதவர்கள் நடுத்தொகையைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது ஒவ்வொருவருக்கும் இன்னும் எத்தனை முதல் ஸ்கூட் பாக்கியிருக்கிறது என்று எண்ணி அந்த விகிதத்தில் பிரிக்கலாம். 40 புள்ளியில் நிற்பவருக்கு மூன்று ஸ்கூட், 75-இல் நிற்பவருக்கு ஒன்று என்றால், 100 ரூபாயில் முன்னவருக்கு 75, பின்னவருக்கு 25.